எந்த ஏட்டில் இருக்கிறான் உன் பாட்டன்?

வேர் தேடக் கிளம்பிவிட்டார்கள்! மகனுக்கு வேலை கிடைக்கவில்லையா, மகளுக்கு மணம் கூடவில்லையா, வாங்கிய மனையில் வழக்கா? சோதிடர் கட்டத்தைப் பார்க்கிறார், கண்ணை மூடுகிறார், திறக்கிறார். "குலதெய்வத்தை மறந்துவிட்டீர்கள். பூர்வீகத்தைத் தேடிப் போங்கள்" என்கிறார். போதாதா? மறுநாளே புறப்படுகிறது கார். தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரி தாண்டி, மறைமலைநகரையும் தாண்டி, வந்து நிற்கிறது சிங்கப்பெருமாள் கோயிலில்.

குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் எடுத்த கோயில் அது. கருவறை பாறைக்குள் இருப்பதால் அதைச் சுற்றிவர வேண்டுமென்றால் குன்றையே சுற்றிவர வேண்டும். அர்ச்சகர் திருநாமத்தைச் சற்றே விலக்கித் தீபத்தை உயர்த்துகிறார்; நரசிம்மருடைய நெற்றியில் மூன்றாம் கண் தெரிகிறது. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். "எங்கள் பாட்டனார் இந்தப் பக்கத்து ஊர்தான் சாமி, ஊர்ப் பெயர்தான் தெரியவில்லை" என்கிறார்கள். அர்ச்சகர் என்ன செய்வார், பாவம்! "பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லுங்கள்" என்கிறார்.

கோத்திரம்! உழுதவனுக்கும் உப்பளத்தில் வெந்தவனுக்கும் ஏது கோத்திரம்? தெரியாது என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சிவகோத்திரம், விஷ்ணுகோத்திரம் என்று ஏதாவதொன்றை ஒட்டிவிடுவார்கள். பாட்டனைத் தேடி வந்தவன் கையில் ஒரு முனிவரைக் கொடுத்து அனுப்புகிற வாணிகம் இது!

தோழர்களே, பாட்டனை அறிய விரும்புவது குற்றமன்று. அந்த வேட்கையை மடமை என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவோரோடு நான் சேரமாட்டேன். பசி உண்மையானது, பசித்தவனை எந்தக் கடைக்கு அனுப்புகிறார்கள் என்பதில்தான் நமக்கு வழக்கு. சோதிடர் ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஒருநாளும் கேட்பதில்லை: உன் பாட்டன் ஏன் இந்த ஊரை விட்டுப் போனான்?

அந்தக் கேள்வியோடு வேறொரு பயணியும் இதே சாலையில் வருகிறார். டர்பனிலிருந்து வருகிறார்; மொரீசியசிலிருந்து வருகிறார்; ஃபிஜித் தீவின் சூவாவிலிருந்து வருகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தாலும் நாலு சொல். கையில் ஒரு தாள் மட்டும் இருக்கிறது. அது கப்பல் பட்டியலின் படி.

1860-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையை விட்டது. நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையில் 342 பேரை இறக்கிற்று. அன்று தொடங்கி 1911 வரையில் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். மொரீசியசுக்கு 1834 முதற்கொண்டே ஆள் போயிற்று. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,000 பேருக்கு மேல். 1903-க்குப் பிறகு அங்கும் சென்னையிலிருந்தே கப்பல்கள் சென்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஆம், தழும்பு கூட எழுதப்பட்டிருக்கிறது! ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதினார்கள். மாடு வாங்குகிறவன் சுழி பார்ப்பதைப் போலத்தான் எழுதினார்கள். அவர்கள் நோக்கம் நன்னோக்கமன்று.

ஆயினும் எண்ணிப் பாருங்கள், இந்தக் கொடுமையை! அந்த ஏழையின் தகப்பன் பெயரை, அவன் பிறந்த மண்ணில், அதற்கு முன் எவனாவது எழுதி வைத்திருந்தானா? கங்கைக் கரை அரித்துவாரத்தில் பண்டாக்கள் யாத்திரிகர்களின் வமிசாவளியைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுக்கட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர வழியும் பொருளும் உள்ளவனுக்கு அந்த ஏடு. ஊர்க்கோயில் அவனை எழுதவில்லை. எப்படி எழுதும்? தீண்டப்படாதவன் என்று தள்ளி வைக்கப்பட்டவன் கோயிலுக்குள் நுழையச் சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் வந்தது 1947-இல். 1890-இல் கப்பலேறியவனை எந்த அர்ச்சகர் அறிவார்? எந்தக் கருவறையின் தீபம் அவன் முகத்தில் பட்டது? மூன்று கண் இருந்தும் அவன் தென்படவில்லையே! அவனுடைய கொள்ளுப்பேரன் இன்று அயல்நாட்டு நாணயத்தோடு வந்து நிற்கிறான்; இப்போது கேட்கிறார்கள் கோத்திரம்!

கல்வெட்டைப் பாருங்கள் என்பார்கள் நம் பழம்பெருமைப் புலவர்கள். பார்ப்போமே! பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதான் உத்தரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மக்களாட்சி!" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். குடத்தில் எவன் பெயரைப் போடலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். அதோடு வேதம் ஓதியிருக்க வேண்டும். அந்தக் கால் வேலியை உழுதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போகுமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் உழைப்பவன் வருகிறான், ஐயமில்லை. 'பறைச்சேரி' என்றும் 'தீண்டாச்சேரி' என்றும் வரி நீக்கிய நிலக்கணக்கில் இடப்பெயராக வருகிறான். ஆள் இல்லை, அவன் இருந்த புறம்போக்கு மட்டும் இருக்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, மகிழ்ச்சியோடு சொல்கிறேன். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் கோயில் என்று மக்கள் அழைக்கும் இடத்தருகே ஒரு பாறை கிடக்கிறது. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று சில பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பல்லவர் காலத்து எழுத்து. உளி பிடித்தவர்களின் பெயர்கள். அரசன் பட்டங்களைத் தேர்களிலும் தூண்களிலும் வெட்டி முடித்த கை, ஒதுக்குப்புறப் பாறையொன்றில் தன் பெயரையும் வெட்டிக்கொண்டது. கடற்கரைக் கோயிலைக் காண ஆயிரக்கணக்கில் போகிறவர்களில் பூஞ்சேரிப் பாறையைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்? வழிகாட்டிகளே சொல்வதில்லை!

அதே நேரத்தில், திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் உலகச் செய்தியாயிற்று. அமெரிக்க நாட்டின் துணைத் தலைவராக 2021 முதல் 2025 வரை இருந்த கமலா ஹாரிசின் தாய்வழிப் பாட்டனாருடைய ஊர் அது. அவர் தேர்தலில் நின்றபோதெல்லாம் அங்கே அபிடேகம் நடந்தது, சுவரொட்டி ஒட்டினார்கள். அவர் பெயரும் பாட்டனார் பெயரும் ஊர்க்கோயிலின் நன்கொடையாளர் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த அம்மையார்மீது எனக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் இதைக் கவனியுங்கள்: கோயிலில் கல் இருந்தவனுக்குக் கடல் கடந்தாலும் ஊர் தொலைவதில்லை. கல் இல்லாதவன் முப்பதாயிரம் பெயர்களுக்கு நடுவே, ஆங்கிலேய எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதிய ஓசையை வைத்துக்கொண்டு ஊரைத் தேட வேண்டியிருக்கிறது.

தேடுவது எளிதா? செங்கல்பட்டு ஜில்லா என்று தாளில் இருக்கும். அந்த ஜில்லாவின் தலைமையிடம் நெடுங்காலம் சைதாப்பேட்டை, பிறகு காஞ்சிபுரம். 1997-இல் அது காஞ்சிபுரம் என்றும் திருவள்ளூர் என்றும் இரண்டானது. 2019 நவம்பரில் மீண்டும் செங்கல்பட்டு என்ற பெயரில் ஒரு மாவட்டம் பிறந்தது. ஆகவே தாளில் உள்ள செங்கல்பட்டும் இன்றைய செங்கல்பட்டும் ஒன்றல்ல. தாளில் சைதாப்பேட்டைத் தாலுக்கா என்றிருந்தால் அந்த ஊர் இன்று சென்னை நகரத்தின் ஒரு தெருவாகக்கூட இருக்கலாம். ஊர்ப் பெயரின் பின்பாதி பிழைத்திருக்கும். 'பாக்கம்' என்றோ 'பட்டு' என்றோ முடியும். இந்தச் சீமையில் பாக்கங்களுக்கா பஞ்சம்!

பெயரிலே இன்னொரு வலை. தென்னாப்பிரிக்காவில் நாயுடு, கவுண்டர், முதலியார், பிள்ளை, படையாட்சி என்பவையெல்லாம் குடும்பப் பெயர்களாகிவிட்டன. எழுத்தும் ஓசையும் மாறி 'நாய்டூ', 'கவெண்டர்', 'மூட்லி' என்று வழங்குகின்றன. ஊரில் எந்தப் பட்டமும் இல்லாதவன் கப்பலை விட்டு இறங்கியபின் ஒரு பட்டத்தைச் சூட்டிக்கொண்டதும் உண்டு. தகப்பனுடைய வெறும் பெயரே குடும்பப் பெயராக நிலைத்ததும் உண்டு. சூட்டிக்கொண்டவனை நான் பழிக்க மாட்டேன். ஊர் கொடுத்த இழிவைக் கடலில் வீசிவிட்டுக் கரையேறியவன் அவன். அது அவன் செய்த புரட்சி. பேரனோ இன்று அந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் இன்ன வமிசம், எங்களுக்கு இன்ன தெய்வம்" என்று சாதிச் சங்கத்தின் வாசலில் நிற்கிறான். சங்கத்தார் விடுவார்களா? மாலை போடுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், மூவேந்தரில் ஒருவனைப் பிடித்து அவனுக்குப் பாட்டனாக்கிவிடுகிறார்கள். பட்டியலில் பத்துப் பத்திகள் இருக்க, சாதிப் பத்தியை மட்டும் படிக்கிறவன் பாட்டனைப் படிக்கவில்லை. பாட்டனை விரட்டியதைப் படித்து அதையே கழுத்தில் மாட்டிக்கொள்கிறான்.

சரி, ஏன் போனான்? வீரத் திருமகன் கடல் கடந்து வாணிகம் செய்யப் போனான் என்று சொல்வீர்களா? கடாரம் கொண்ட சோழனின் கொடியைத் தூக்கிக்கொண்டா போனான்?

போன காரணத்தைச் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரே எழுதி வைத்திருக்கிறார். 1891-இல், திரமென்ஹீர் என்னும் வெள்ளைக்கார ஆட்சியர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதைப் படித்தால் பூர்வீகம் என்றால் என்னவென்று விளங்கும். இங்கே நடந்தது மிராசு முறை. ஊர் நிலம் மிராசுதாருடையது. தரிசும் அவர்களுடைய பிடியில். அயலான் ஒருவன் தரிசைத் திருத்திப் பயிர் செய்ய மனுக் கொடுத்தால், "எங்களுக்கே முதல் உரிமை" என்று மிராசுதார் குறுக்கே வந்துவிடலாம். சட்டமும் அவருக்கே துணை. இவ்வளவுதானா? உழைப்பவன் குடிசை போட்டிருக்கும் மனையும் மிராசுதாருடையதே! எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய சிறு கடனுக்குத் தன்னையும் தன் பிள்ளையையும் எழுதிக் கொடுத்துப் பண்ணையாளாகக் கிடந்தான். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-லேயே அறிவித்துவிட்டார்கள். அந்தச் செய்தி சேரிக்கு வந்து சேரவே இல்லை போலும்!

நடுவிலே தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. 1877-இல், நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் துரை அளவு குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட ஆகாது. அந்தக் கூலிக்கு மண் வெட்டியவர்கள்தாம் சென்னை நகருக்குள் வட கால்வாயையும் தென் கால்வாயையும் இணைத்தார்கள். மாமல்லபுரக் கரையோரமாக இன்றும் ஓடுகிறதே, அந்தக் கால்வாய்க்கு என்ன பெயர்? ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர்! வெட்டினவன் பெயர் பூஞ்சேரிப் பாறை அளவுக்குக்கூட இல்லை.

இப்படிப்பட்டவனிடம் ஆள்பிடிக்கும் தரகன் வந்தான். ஐந்து வருட ஒப்பந்தம் என்றான். மாதக் கூலி என்றான். பொய்யும் சொன்னான், போகும் தீவு எங்கே இருக்கிறதென்றே சொல்லாமலும் ஏய்த்தான். ஆனால் பொய்யை நம்பிப் போனவனைப் பேதை என்று எவனும் சிரிக்க வேண்டாம். நம்பாமல் இருந்தால் அவனுக்கு ஊரில் இருந்தது என்ன? அவன் வேர் அறுந்து போகவில்லை. வேர் ஊன்ற ஒரு குழி நிலம் கொடுக்கப்படவில்லை!

திரமென்ஹீர் அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை பிறந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கினார்கள்; பஞ்சமி நிலம் என்று அதற்குப் பெயர். பத்தாண்டு வரை விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் அதே மக்களுக்கே விற்க வேண்டும். மாகாணம் முழுதும் 12 இலட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த ஏக்கரெல்லாம் இன்று எங்கே? விற்கக்கூடாத நிலம் கைமாறியது எப்படி? கடனுக்கு எழுதி வாங்கினவர் யார்? பட்டா பெயரை மாற்றிக் கொடுத்த பேனா எது? இதைக் கேட்டதற்காக, செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். 1892-க்கும் 1994-க்கும் நடுவே நூற்றிரண்டு ஆண்டு. ஆணை தாளில் இருந்தது. குண்டு நெஞ்சில் இருந்தது.

இன்று சிங்கப்பெருமாள் கோயில் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். தொழிற்பேட்டை, தொடர்வண்டி நிலையம், ஒரகடத்துக்கு அகன்ற சாலை, வயலுக்கு நடுவே வண்ணக்கல் நட்ட மனைப்பிரிவு. வளர்ச்சியை நான் வெறுக்கவில்லை. தொழிற்சாலை வந்ததால்தான் பல சேரிப் பிள்ளைகள் பண்ணைக் கலப்பையை விட்டார்கள். ஆனால் குழி இத்தனை ரூபாய் என்று விலைபேசப்படும் மண்ணில், விற்க உரிமையே இல்லாத மண் எவ்வளவு என்று கேட்கிற பூர்வீகத் தேடல் ஒன்று வேண்டாமா?

அரசும் வேர் தேட உதவுகிறது. இந்திய அரசு 2008-இல் கட்டணம் பெற்றுக்கொண்டு பூர்வீகம் கண்டுபிடித்துத் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாட்டரசு 2023 முதல் 'வேர்களைத் தேடி' என்று அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து ஊர்சுற்றிக் காட்டுகிறது. நல்ல செயல்; வரவேற்கிறேன். சிற்பம் பார்க்கட்டும், கோபுரம் பார்க்கட்டும். ஆனால் கோபுரத்தின் நிழல்கூட விழாத இடத்திலிருந்து போனவனின் பேரனுக்குக் கோபுரத்தை மட்டும் காட்டி "இதுதான் உன் வேர்" என்பது நியாயமா? அவன் ஊரைக் கண்டுபிடித்தாலும் என்ன நடக்கிறது தெரியுமா? பட்டியலில் உள்ளது ஊர்ப் பெயர். ஊர் வேறு, சேரி வேறு. ஊராரோ அவனை மேளதாளத்தோடு ஊர்க்கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். வயலுக்கு அப்பால், இன்று 'காலனி' என்ற பெயரோடு நிற்கும் தெருவில், அவனுடைய இரத்த உறவு ஒன்று குழாயடியில் குடத்தோடு நிற்கலாம். அங்கே அவனை அழைத்துப் போவார் இல்லை.

பழங்கதை எதற்கு, வெளிநாட்டில் நலமாக இருப்பவனுக்கு இந்தக் கசப்பு எதற்கு என்று கேட்பார்கள் நல்லபிள்ளைகள். கசப்பைக் கண்டு அஞ்சுகிறவன் சோதிடரிடமே போகட்டும். அங்கே சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும். கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி பட்டு, அங்கேயே கொட்டகையில் பள்ளி வைத்து, பிள்ளையைப் படிக்கவைத்த பாட்டனுடைய பேரன், பாட்டன் ஏன் போனான் என்ற விடையைத் தாங்கமாட்டானா?

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் தாளோடு வந்தால், முதலில் கோயில் வழியைக் காட்டாதீர்கள். தாளை வாங்கிப் படியுங்கள். பழைய தாலுக்கா எது, இன்றைய வட்டம் எது என்று கண்டு சொல்லுங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இருக்கிறது, அழைத்துப் போங்கள். சேரியின் முதியவர்களிடம் உட்காரவையுங்கள். "எங்கள் பெரியப்பன் ஒருத்தன் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை" என்று சொல்கிற கிழவி ஏதோவொரு திண்ணையில் இருப்பாள். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டையும் அதற்கு முந்திய செட்டில்மெண்டுப் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள்; 2005-இல் வந்த சட்டம், பத்து ரூபாய் கட்டணம். பழைய ஏட்டில் குறிப்புப் பத்தியில் 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதே புல எண்ணைப் புதிய ஏட்டில் எடுத்து, பட்டாதாரர் பெயரை அந்த விருந்தாளிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.